டிஸ்சார்ஜ்: ஆளையும் இறக்கும், கடனையும் இறக்கும் ஒரு சொல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ், பேட்டரியில் டிஸ்சார்ஜ், கோர்ட்டில் டிஸ்சார்ஜ், ஆற்றிலும் டிஸ்சார்ஜ். மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பதால் இந்தச் சொல்லைப் பற்றிய கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இத்தனை அர்த்தங்களும் ஒரே இடத்திலிருந்து வந்தவையா?

ஆமாம், ஒரு வண்டியிலிருந்து. லத்தீனில் 'கார்ருஸ்' என்றால் வண்டி. கெல்டிக் மொழி பேசியவர்களிடமிருந்து ரோமானியர்கள் எடுத்துக்கொண்ட சொல் அது. வண்டியில் சுமை ஏற்றுவதற்கு 'கார்ரிகாரே' என்றார்கள். முன்னால் 'டிஸ்' சேர்த்தால் ஏற்றிய சுமையை இறக்குவது. அது பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கார், கேரி, கார்கோ எல்லாம் இந்தக் குடும்பம்தான். கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் கேரிகேச்சர்கூட இதன் ஒன்றுவிட்ட சொந்தம். ஒருவரது மூக்கின்மேல் கொஞ்சம் கூடுதலாகச் சுமை ஏற்றி வரைவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, சார்ஜ் என்றால் அடிப்படையில் சுமை. நாம் தமிழில் பேசும்போது அன்றாடம் சொல்லும் சார்ஜ்களை இப்படிப் பார்த்தால் விளங்கிவிடும். போனில் ஏற்றுவது மின்சுமை. பஸ் சார்ஜ் பணச்சுமை. சார்ஜ் ஷீட்டில் இருப்பது குற்றச்சுமை. 'இன்சார்ஜ்' ஆக இருப்பவர் தலையில் பொறுப்புச்சுமை. இந்தச் சுமைகளில் எதை இறக்கினாலும் ஆங்கிலம் டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிடும்.

'ஹி டிஸ்சார்ஜ்ட் ஹிஸ் ட்யூட்டீஸ்' என்றால் கடமையைச் செய்தார் என்பதா, கடமையிலிருந்து நீக்கப்பட்டார் என்பதா?

செய்து முடித்தார் என்பதுதான். 'ஹி வாஸ் டிஸ்சார்ஜ்ட் ஃப்ரம் ஹிஸ் ட்யூட்டீஸ்' என்றிருந்தால் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று அர்த்தம். கிட்டத்தட்ட அதே சொற்கள், ஆனால் ஒன்று பாராட்டு, இன்னொன்று பெரும்பாலும் வேலை போன கதை. எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றியதுதான்.

இந்த வினைச்சொல் சுமையையும் செயப்படுபொருளாக எடுத்துக்கொள்ளும், சுமப்பவரையும் எடுத்துக்கொள்ளும். குழப்பம் முழுக்க அங்கேதான் பிறக்கிறது. கப்பலிலிருந்து சரக்கை இறக்கினால் 'சரக்கை டிஸ்சார்ஜ் செய்தார்கள்' என்றும் எழுதலாம், 'கப்பலை டிஸ்சார்ஜ் செய்தார்கள்' என்றும் எழுதலாம். துப்பாக்கியை டிஸ்சார்ஜ் செய்யலாம், தோட்டாவையும் செய்யலாம். கடனை டிஸ்சார்ஜ் செய்தால் அது அடைந்தது. கடனாளியை டிஸ்சார்ஜ் செய்தால் அவர் விடுபட்டார். கடமையும் இதே கணக்கு. கடமை என்பது சுமை, அதை இறக்கிவைத்தால் நிறைவேற்றியாயிற்று. அதிகாரி என்பவர் சுமப்பவர், அவரையே இறக்கிவிட்டால் பதவி போயிற்று.

எனவே வாக்கியத்தைப் பார்த்ததும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: வினைக்குப் பக்கத்தில் இருப்பது மூட்டையா, மூட்டை தூக்கியவரா? அடுத்ததாக 'ஃப்ரம்' இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் பெரும்பாலும் விடுபடும் ஆள் ஒருவர் அந்த வாக்கியத்தில் இருப்பார்.

தமிழில் இதற்குச் சமமாக ஒரே ஒரு சொல் இல்லையா?

எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் இல்லை. ஆனால் தமிழ் இந்த இடத்தில் ஏழையும் அல்ல. 'கழி' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். கடனைக் கழிக்கிறோம், பொழுதைக் கழிக்கிறோம், எண்ணைக் கழிக்கிறோம், காலையில் எழுந்ததும் கழிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆலை வெளியேற்றுவது கழிவு. ஏறக்குறைய டிஸ்சார்ஜ் போகும் ஊர்களுக்கெல்லாம் 'கழி'யும் போயிருக்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது 'கடன்'. ஆங்கிலம் கடமைக்கும் கடனுக்கும் ஏன் ஒரே வினையைப் போடுகிறது என்று கேட்பவர்கள், நம்மிடம் இரண்டும் ஒரே சொல்லாக இருந்ததை மறந்துவிடுகிறார்கள். பழந்தமிழில் கடன் என்றால் கடமையும்தான். காலைக்கடன், நேர்த்திக்கடன், நீத்தார் கடன் என்ற சொற்களில் இருப்பது வட்டிக்கு வாங்கிய பணம் இல்லையே. ஆங்கிலத்தில் வேண்டுதலை நிறைவேற்றுவதையும் டிஸ்சார்ஜ் என்று எழுதுவார்கள். நேர்த்திக்கடன் செலுத்தினார் என்பது அதற்கு அச்சாகப் பொருந்தும் மொழிபெயர்ப்பு.

அப்புறம் 'தீர்' இருக்கிறது. கடன் தீர்ந்தது, பழி தீர்ந்தது, சார்ஜ் தீர்ந்துபோச்சு.

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் என்றால் குணமாகிவிட்டது என்றுதானே பொருள்?

இல்லை. உள்நோயாளியாக வைத்திருக்கும் பொறுப்பை மருத்துவமனை முடித்துக்கொண்டது, அவ்வளவுதான். நோயாளி வீட்டுக்குப் போகலாம், மறுவாழ்வு மையத்துக்கு மாற்றப்படலாம், மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். கடைசியாகச் சொன்னதற்கும் 'மருத்துவ ஆலோசனைக்கு எதிரான டிஸ்சார்ஜ்' என்றே பெயர்.

செய்தித்தாள்கள் எழுதும் 'சிகிச்சை முடிந்து வீடு திரும்பினார்' அழகான வாக்கியம்தான். ஆனால் மூலத்தில் வெறும் டிஸ்சார்ஜ் என்று மட்டும் இருந்தால், சிகிச்சை முடிந்ததும் வீடு திரும்பியதும் நாமாகச் சேர்த்துக்கொண்ட இரண்டு தகவல்கள். சிகிச்சை வீட்டில் தொடரலாம் அல்லவா? அதனால்தான் டிஸ்சார்ஜ் சம்மரி என்ற தாளில் இனி சாப்பிட வேண்டிய மருந்துகளும் மறுபடி வர வேண்டிய நாளும் இருக்கின்றன.

அதே தாளில் 'நோ டிஸ்சார்ஜ்' என்று இருந்ததே? அனுப்பமாட்டார்களா?

பயப்பட வேண்டாம். அங்கே சொல்வது காயத்திலிருந்து எதுவும் வடியவில்லை என்பதை. ஆரம்ப நாட்களில் நானும் இதில் மாட்டியிருக்கிறேன். அறுவைசிகிச்சைக்குப் பின் கவனிக்க வேண்டியவை பற்றிய ஒரு கையேட்டில் 'டிஸ்சார்ஜ் அதிகமானால் மருத்துவரை அழைக்கவும்' என்ற வரியைக் கண்டு, வீட்டுக்கு அனுப்புவது எப்படி அதிகமாகும் என்று அரைமணி நேரம் விழித்துக்கொண்டிருந்தேன்.

உடலிலிருந்து வெளிவருவதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல், தமிழில் இடத்துக்கு ஒன்று. புண்ணில் சீழ் வடிகிறது அல்லது நீர் கசிகிறது. மூக்கு ஒழுகுகிறது. கண்ணில் பீளை தள்ளுகிறது. காதில் சீழ் வடிகிறது. 'வெளியேற்றம்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை குத்துபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். எந்த நோயாளியும் 'காதில் வெளியேற்றம் உள்ளது' என்று மருத்துவரிடம் சொன்னதில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நம் சொல்லில் கவனம் வேண்டும். பெண்ணுறுப்பிலிருந்து வருவதை வெள்ளைப்படுதல் என்கிறோம். அந்தச் சொல்லில் நோய் என்ற சாயல் ஏறிவிட்டது. ஆனால் அங்கே ஓரளவு கசிவு இருப்பது இயல்பான உடலியக்கம். நிறமோ வாடையோ மாறினால், அரிப்போ வலியோ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். மூலத்தில் 'நார்மல் டிஸ்சார்ஜ்' என்று இருக்கும்போது 'இயல்பான கசிவு' என்று எழுதுவதே நல்லது. இல்லாவிட்டால் ஒன்றுமில்லாத விஷயத்துக்குப் படிப்பவரைப் பயமுறுத்திவிடுவோம்.

கோர்ட்டில் டிஸ்சார்ஜ் ஆனவரும் விடுதலையானவரும் ஒன்றா?

ஒன்றில்லை, செய்திகளில் மிக அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். இந்தியக் குற்றவியல் நடைமுறையில் டிஸ்சார்ஜ் என்பது விசாரணைக்கு முந்தைய கட்டம். காவல்துறை கொடுத்த ஆவணங்களைப் பார்த்துவிட்டு, இவர்மீது குற்றச்சாட்டு வனைய, அதாவது முறைப்படி சுமத்த, அடிப்படையே இல்லை என்று நீதிமன்றம் கருதினால் வழக்கிலிருந்து விடுவிக்கும். சாட்சிகளை விசாரித்து, இருபக்க வாதங்களையும் கேட்டு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னால் அது அக்விட்டல். முன்னதை 'விடுவிப்பு' என்றும் பின்னதை 'விடுதலை' என்றும் பிரித்து எழுதுவது சட்டத் தமிழின் நல்ல பழக்கம்.

பெயரில் மட்டுமல்ல, விளைவிலும் வித்தியாசம் உண்டு. விடுதலையானவரை அதே குற்றத்துக்காகப் புதிதாக மறுபடி விசாரிக்க முடியாது. மேல்முறையீடு வேறு விஷயம். விடுவிக்கப்பட்டவர்மீது புதிய ஆதாரம் கிடைத்தால் மீண்டும் நடவடிக்கை வரலாம். போதாக்குறைக்கு, ஜாமீனில் வெளியே வருபவரையும் 'விடுதலை' என்றே தலைப்பில் போடுகிறார்கள். மூன்று வேறு நிலைமைகளுக்கு ஒரே சொல் என்றால் வாசகர் என்னதான் செய்வார்?

அப்படியானால் டிரம்புக்குக் கிடைத்த டிஸ்சார்ஜ் எந்த வகை?

மேலே சொன்ன இரண்டுமே இல்லை. 2024 மே மாதம் நியூயார்க்கில் 34 குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்று ஜூரி முடிவு செய்தது. 2025 ஜனவரி 10 அன்று நீதிபதி விதித்தது 'அன்கண்டிஷனல் டிஸ்சார்ஜ்'. சிறை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு எதுவும் கிடையாது. ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அந்த உத்தரவால் மறையவில்லை. அதை 'நிபந்தனையற்ற விடுதலை' என்று எழுதினால், குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னதாகவே படிப்பவர் நினைப்பார். 'தண்டனையின்றி விடுவிப்பு' என்றால் சரியாக இருக்கும்.

இங்கிலாந்திலும் இந்த வழக்கம் உண்டு. குற்றம் நிரூபணமானாலும் தண்டனை அவசியமில்லை என்று நீதிமன்றம் கருதினால் 'அப்சலூட் டிஸ்சார்ஜ்'. 'கண்டிஷனல் டிஸ்சார்ஜ்' என்றால் அதிகபட்சம் 3 ஆண்டுகள் வரை ஒரு கெடு. அதற்குள் மறுபடி குற்றம் செய்தால் பழைய குற்றத்துக்கும் சேர்த்துத் தண்டிக்கலாம். ஆக, இந்தியாவில் சுமை ஏற்றுவதற்கு முன்பே அனுப்பிவிடுகிறார்கள், அங்கே ஏற்றிய பிறகு இறக்கிவிடுகிறார்கள். எந்த நாட்டு வழக்கு என்று தெரியாமல் இந்தச் சொல்லை மொழிபெயர்க்கக் கூடாது.

ஜூரியை டிஸ்சார்ஜ் செய்தார்கள் என்றால் அது வேறு. குற்றம்சாட்டப்பட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஜூரி உறுப்பினர்களின் வேலை முடிந்தது அல்லது குழு கலைக்கப்பட்டது.

ராணுவத்தில் டிஸ்சார்ஜ் என்றால் கெட்ட பெயரா?

முன்னால் இருக்கும் அடைமொழியைப் பாருங்கள். அமெரிக்க ராணுவத்தில் 'ஆனரபிள்' என்றிருந்தால் கௌரவமாகப் பணி முடித்தவர். 'டிஸ்ஆனரபிள்' என்பது ராணுவ நீதிமன்றம் மட்டுமே விதிக்கக்கூடிய தண்டனை. இடையில் வேறு சில படிகளும் உண்டு. அடைமொழி இல்லாவிட்டால் 'படையிலிருந்து விடுவிக்கப்பட்டார்' என்று நடுநிலையாக எழுதுங்கள்.

சாதாரண வேலையில் இந்தச் சொல் வந்தால் பணிநீக்கம்தான். 'ஃபயர்' செய்துவிட்டார்கள் என்கிறார்களே, அந்தப் பேச்சுவழக்கும் டிஸ்சார்ஜின் இரண்டு அர்த்தங்களை, அதாவது சுடுவதையும் வேலையை விட்டு அனுப்புவதையும், வைத்து விளையாடியதில் பிறந்தது என்பது சொல்லாராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து.

கடனை டிஸ்சார்ஜ் செய்தால் பணத்தைக் கட்டிவிட்டதாக அர்த்தமா?

கட்டியும் இருக்கலாம், கட்டாமலும் இருக்கலாம். கடனாளியே டிஸ்சார்ஜ் செய்தால் அடைத்துவிட்டார். திவால் வழக்கில் நீதிமன்றமோ சட்டமோ டிஸ்சார்ஜ் கொடுத்தால், மிச்சக் கடனைக் கட்ட வேண்டிய பொறுப்பு நீங்குகிறது. இங்கிலாந்தில் திவாலானவர் பொதுவாக 12 மாதங்களில் இந்த விடுவிப்பைப் பெறுவார். பணம் கொடுத்தவருக்கு அந்தப் பணம் வந்துசேராது. இரண்டையும் 'கடன் தீர்ந்தது' என்று எழுதினால் கடன் கொடுத்தவர் உங்களைச் சும்மா விடமாட்டார்.

ஒப்பந்தமும் டிஸ்சார்ஜ் ஆகும். பேசியபடி செய்து முடித்தால், இருவரும் சேர்ந்து வேண்டாமென்று விட்டால், ஒருவர் மீறினதால் மற்றவர் முறித்துக்கொண்டால், அல்லது யார் தவறும் இல்லாமல் நிறைவேற்றவே முடியாமல் போனால். கடைசி வகைக்குச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கும் வழக்கு 1863இல் இங்கிலாந்தில் நடந்தது: கச்சேரிக்காக வாடகைக்குப் பேசிய அரங்கம் கச்சேரிக்கு முன்பே எரிந்துபோனது, இரு தரப்பும் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டதாக நீதிமன்றம் சொன்னது.

துப்பாக்கியை டிஸ்சார்ஜ் செய்வது என்றால் குண்டை வெளியே எடுப்பதா, சுடுவதா?

சுடுவது! தயவுசெய்து இதில் மட்டும் தவறு செய்யாதீர்கள். குண்டை எடுத்துப் பாதுகாப்பாக்குவது அன்லோடு. மற்ற எல்லா இடத்திலும் அண்ணன் தம்பிபோல இருக்கும் இந்த இரண்டு சொற்களும் துப்பாக்கிக்கு முன்னால் எதிரெதிராக நிற்கின்றன. பீரங்கியில் திணிக்கும் வெடிமருந்தின் அளவுக்கு சார்ஜ் என்று பெயர். அந்தச் சுமை வெளியேறும் வழி வெடிப்பதுதான்.

'ஷூட்' என்றால் யாரோ குறிவைத்துச் சுட்டார்கள். டிஸ்சார்ஜ் என்றால் வெடித்தது என்பது மட்டுமே உறுதி. வேண்டுமென்றா, கை தவறியா என்று அந்தச் சொல் சொல்லாது. அதனால்தான் காவல்துறை அறிக்கைகளுக்கு இந்தச் சொல் இவ்வளவு வசதியாக இருக்கிறது. 'துப்பாக்கி வெடித்தது' என்ற நம் வாக்கியமும் அதே நழுவலைச் செய்யும்.

கப்பல் ஆவணத்தில் வரும் 'போர்ட் ஆஃப் டிஸ்சார்ஜ்'?

சரக்கு கப்பலிலிருந்து இறங்கும் துறைமுகம். சொல்லின் பழைய அர்த்தம் சேதாரமில்லாமல் பிழைத்திருப்பது இங்கேதான். சரக்கு போய்ச் சேரும் இடம் இதுவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. துறைமுகத்திலிருந்து லாரியிலோ ரயிலிலோ இன்னும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகலாம். அதற்குத் தனிக் கட்டம் படிவத்தில் இருக்கும்.

ஆறு எதை டிஸ்சார்ஜ் செய்கிறது?

நீரியலில் இது ஓர் அளவு. ஆற்றின் குறுக்குவெட்டு ஒன்றை ஒரு விநாடியில் எவ்வளவு நீர் கடக்கிறது என்பதுதான் அது. அகலம் 10 மீட்டர், சராசரி ஆழம் 2 மீட்டர், வேகம் விநாடிக்கு ஒன்றரை மீட்டர் என்றால் 10 × 2 × 1.5 = விநாடிக்கு 30 கனமீட்டர். ஒரு கனமீட்டர் சுமார் 35.3 கனஅடி என்பதால், கியூசெக் (விநாடிக்கு ஒரு கனஅடி) கணக்கில் ஏறத்தாழ 1,060. அமேசான் கடலில் சேரும் இடத்தில் இந்த அளவு சராசரியாக விநாடிக்கு 2 லட்சம் கனமீட்டர் அளவில் இருக்கிறது.

அணையைப் பற்றிய செய்தியில் 'நீர் திறப்பு' என்று எழுதலாம், யாரோ மதகைத் திறக்கிறார்கள். ஆற்றுக்கு அது பொருந்தாது, 'நீரோட்ட அளவு' என்று எழுதுங்கள். தொழிற்சாலை என்றால் 'கழிவுநீர் வெளியேற்றம்'. பம்ப்பில் உறிஞ்சும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் டிஸ்சார்ஜ், நம் மெக்கானிக்குகள் டெலிவரி என்பார்கள்.

பேட்டரி டிஸ்சார்ஜும் மின்னலும் ஒரே வகையா?

குடும்பம் ஒன்று, குணம் வேறு. பேட்டரி வேதி ஆற்றலை நிதானமாக மின்சாரமாக மாற்றிக் கொடுக்கிறது. 5,000 மில்லிஆம்பியர்-மணி கொண்ட பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் தீரும். சும்மா வைத்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அது தன்-மின்னிறக்கம். மின்னலில் நடப்பது வேறு. மேகத்திலும் தரையிலும் பிரிந்து சேர்ந்த மின்னூட்டம், இடையில் உள்ள காற்றையே கடத்தியாக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் போகிறது. வறண்ட காற்று ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் வரை தாங்கும், அதற்குமேல் உடையும். கதவுக் கைப்பிடியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று படுவதும் இதே சமாச்சாரம்தான். நியான் விளக்கில் குறைந்த அழுத்தத்தில் அடைத்த வாயுவின் வழியாக இதைத் தொடர்ந்து நடத்துகிறார்கள்.

நம் கலைச்சொல்லான மின்னிறக்கம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஏற்றம், இறக்கம் என்று அந்தப் பழைய வண்டியை அறியாமலேயே தொட்டுவிட்டது. 'சார்ஜ் இறங்கிடுச்சு' என்று சொல்பவர் யாரும் லத்தீன் படித்ததில்லை.

வேறு எங்கெல்லாம் வரும்?

துணியில் டிஸ்சார்ஜ் பிரிண்டிங் என்றால் சாயம் ஏற்றிய துணியில் வடிவம் வேண்டிய இடத்தில் மட்டும் சாயத்தை நீக்குவது. கட்டடத்தில் டிஸ்சார்ஜிங் ஆர்ச் என்பது கீழே உள்ள திறப்பின்மேல் சுவரின் எடை விழாமல் பக்கவாட்டில் தள்ளிவிடும் வளைவு. ரோமில் உள்ள பாந்தியன் என்ற பழங்காலக் கோயிலின் செங்கல் சுவர்களில் வெளியிலிருந்தே பார்க்கலாம்.

கணிதத்திலும் உண்டு என்றால் நம்புவீர்களா? அடுத்தடுத்த பகுதிகளுக்கு ஒரே நிறம் வராமல் எந்த வரைபடத்தையும் தீட்ட நான்கு நிறங்கள் போதும் என்பதை 1976இல் ஆப்பெல், ஹாக்கென் இருவரும் கணினி உதவியோடு நிறுவினார்கள். அதில் பகுதிகளைப் புள்ளிகளாக்கி, அண்டைப் பகுதிகளைக் கோட்டால் இணைத்து, அந்தப் புள்ளிகளுக்குக் கற்பனையாக மின்னூட்டம் கொடுத்து, அதை அக்கம்பக்கத்துக்கு நகர்த்திப் பார்க்கும் உத்திக்கு டிஸ்சார்ஜிங் என்று பெயர். ஒரு புள்ளியிலிருந்து எத்தனை கோடுகள் கிளம்புகின்றனவோ அதை 6-இலிருந்து கழித்தால் வருவதே அதன் மின்னூட்டம். முக்கோணங்களாகப் பிரித்த வரைபடத்தில் மொத்தக் கூட்டுத்தொகை எப்போதும் 12. இங்கே இறக்கிவைப்பதற்குச் சுமைகூட இல்லை, வெறும் எண்.

நான் ஆங்கிலத்தில் எழுதும்போது இதற்குப் பதில் ரிலீஸ், அன்லோடு என்று போடலாமா?

லாரி, பை, கணினி என்றால் அன்லோடு போதும். கைதி, பணயக்கைதி, பறவை என்றால் ரிலீஸ். நோயாளி, படைவீரர், ஜூரி, கடன், கடமை ஆகியவற்றுக்கு டிஸ்சார்ஜ்தான் வழக்கு. 'அன்சார்ஜ்' என்று ஒன்றைச் சிலர் போடுகிறார்கள், அப்படி யாரும் இன்று எழுதுவதில்லை.

தமிழில் எப்படி எழுதுவது, எப்படி உச்சரிப்பது?

டிஸ்சார்ஜ் என்றே எழுதலாம். 'டிஸ்ஜார்ஜ்' வேண்டாம், நடுவில் இருப்பது ஜ அல்ல, ச்சா. ஆங்கிலத்தில் பேசும்போது ஒரு நுணுக்கம்: பெயர்ச்சொல்லாக வந்தால் பெரும்பாலும் 'டிஸ்' மேல் அழுத்தம், வினையாக வந்தால் 'சார்ஜ்' மேல் அழுத்தம். தமிழில் பேசும்போது இந்தக் கவலை கிடையாது. நாம் எப்படியும் 'பண்ணு', 'ஆகு' என்று ஒன்றைப் பின்னால் சேர்த்துவிடுகிறோம்: டாக்டர் டிஸ்சார்ஜ் பண்ணினார், தாத்தா டிஸ்சார்ஜ் ஆனார், பேட்டரியும் டிஸ்சார்ஜ் ஆனது.